உளுந்து வயலும் அமினோ டப்பாவும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 23. அப்பாவுடன் உரக்கடையில் இருக்கிறேன். எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். எடை 62 கிலோ. ஆரம்பத்தில் உடம்பு நன்றாக ஏறியது, இப்போது மூன்று மாதமாக அப்படியே நிற்கிறது. "அமினோ இல்லாம வெயிட் அடிச்சா உடம்பு தன் தசையையே தின்னுடும்" என்று சொல்லி ஜிம் மாஸ்டர் ஒரு பி.சி.ஏ.ஏ. என்கிற அமினோ அமிலப் பவுடர் டப்பா கொடுத்தார். 30 ஸ்கூப், 1,500 ரூபாய். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடரைவிட இது நேராக ரத்தத்தில் சேரும் என்கிறார். அம்மாவோ கிட்னி போய்விடும் என்று பயப்படுகிறார்கள். காலையில் ஐந்து இட்லி, மதியம் சோறு, சாம்பார், கூட்டு, ராத்திரி தோசை அல்லது மறுபடி சோறு. முட்டை வாரத்துக்கு மூன்று, மீன் ஞாயிறு மட்டும். நீங்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர் என்பதால் கேட்கிறேன். இந்த அமினோ உண்மையிலேயே பிரயோஜனமா? டப்பாவை இன்னும் திறக்கவில்லை. (என் பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பிக்கு,

திறக்காமல் எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் திறந்துவிட்டுத்தான் யோசித்தேன். சில வருடங்களுக்கு முன் காய்ச்சலில் ஒரு மாதம் படுத்து எழுந்தபோது தொடை இரண்டும் குச்சியாகிவிட்டன. கும்பகோணத்தில் ஒரு கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே பி.சி.ஏ.ஏ. ஒன்று, குளுட்டமின் என்கிற வேறொரு அமினோ ஒன்று என்று இரண்டு டப்பாவைத் தலையில் கட்டினார். கலர், ஃபிளேவர் எதுவும் சேர்க்காத சுத்தமான பவுடர் என்று அதற்குத் தனிப் பெருமை வேறு. வீட்டுக்கு வந்து டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்கூப் போட்டேன். கரையவில்லை. கோலமாவைத் தண்ணீரில் தூவியது போல மேலேயே மிதந்தது. ஸ்பூனால் அமுக்கினால் உள்ளே போய், விட்டதும் மேலே வந்தது. இருபது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அப்போதுதான் உறைத்தது: பி.சி.ஏ.ஏ. என்பது லூசின், ஐசோலூசின், வேலின் என்கிற மூன்று அமினோ அமிலங்கள், மூன்றுக்கும் இருப்பது தண்ணீரோடு ஒட்டாத கரிச்சங்கிலிக் கிளை, மிதக்காமல் என்ன செய்யும்? ஒரு வாய் குடித்தேன். வேப்பங்கொழுந்து பரவாயில்லை. உங்கள் டப்பாவில் நீல நிறமும் பழ வாசனையும் தூக்கலாக இருந்தால் அது இந்தக் கசப்பை மறைக்கத்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நம் உடம்பின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். அந்த ஒன்பதில் மூன்றுதான் உங்கள் டப்பாவில் இருப்பவை. இந்த மூன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு என்றால், லூசினுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. 1975லேயே எலியின் உதரவிதானத் தசையை வெளியே எடுத்துத் திரவத்தில் வைத்து லூசின் கொடுத்துப் பார்த்தார்கள், தசையில் புரதம் உருவாவது கூடியது. புரதம் கட்ட ஆரம்பிக்கலாம் என்று செல்லுக்குச் சமிக்ஞை கொடுப்பது லூசின். இதை வைத்துத்தான் இந்த வியாபாரம் முழுக்க நடக்கிறது.

நீங்கள் நடவு பார்த்து வளர்ந்தவர், அதனால் இப்படிச் சொல்கிறேன். லூசின் என்பது நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவர். விடியற்காலையில் தெருத்தெருவாகப் போய்க் குரல் கொடுத்தார், இருபது பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். ஆனால் நாற்றங்காலிலிருந்து ஒன்பது ரக நாற்று வரவேண்டிய இடத்தில் மூன்று ரகம்தான் வந்திருக்கிறது. மீதி ஆறுக்கு என்ன செய்வார்கள்? ஏற்கெனவே நட்ட பக்கத்து வயலில் பிடுங்கி வந்துதான் இங்கே நடவேண்டும். வெறும் வயிற்றில் பி.சி.ஏ.ஏ. மட்டும் குடித்தால் நடப்பது இதுதான். மீதி ஆறும் உங்கள் சொந்தப் புரதத்தை உடைத்துத்தான் வந்தாக வேண்டும். தசையைத் தசை தின்னும் என்று மாஸ்டர் பயமுறுத்தினாரே, அவர் கொடுத்த மருந்தே அந்த வேலையை ஓரளவு செய்யச் சொல்கிறது.

அவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017ல் பயிற்சி பெற்ற 10 இளைஞர்களுக்கு வெயிட் தூக்கியதும் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. கொடுத்து அளந்தார்கள். பி.சி.ஏ.ஏ. இல்லாத போலிப் பானம் குடித்தபோது இருந்ததைவிடத் தசைப் புரதம் உருவாவது 22 சதவீதம் கூடியது. கடைக்காரர்கள் இந்த 22ஐ மட்டும் சொல்வார்கள். அதே அளவு பி.சி.ஏ.ஏ. உள்ள வே புரோட்டீன் கொடுத்தபோது கிடைத்ததில் இது ஏறக்குறைய பாதிதான் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருந்ததைச் சொல்ல மாட்டார்கள். நேராக ரத்தத்துக்குப் போகிறது என்பதும் உண்மைதான், சீக்கிரம் போகும். சீக்கிரம் போய் மீதி ஆறுக்காகக் காத்து நிற்கும், அவ்வளவுதான். வெயிட் அடித்த மறுநாள் வலி கொஞ்சம் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கொஞ்சத்துக்கு ஸ்கூப்புக்கு 50 ரூபாய் என்பது எனக்குக் கட்டுப்படியாகாது.

பி.சி.ஏ.ஏ. என்பது டப்பாவில் மட்டும் கிடைக்கும் பொருளும் இல்லை. ஒரு முட்டையில் ஒன்றேகால் கிராம் இருக்கிறது. நான்கு முட்டை ஒரு ஸ்கூப்புக்குச் சமம், மீதி ஆறு அமினோவும் கூடவே வந்துவிடும், மொத்தம் 24 கிராம் புரதம். முட்டை ஏழு ரூபாய் என்றால் 28 ரூபாய்.

ஆனால் மாஸ்டர் ஒரு இடத்தில் சரியாகத்தான் தொட்டிருக்கிறார்: உங்களுக்குப் புரதம் பற்றவில்லை. நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 45 கிராமைத் தாண்டுவது கஷ்டம். ஜிம் பக்கமே போகாத 62 கிலோ ஆளுக்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 51 கிராம் வேண்டும். வெயிட் தூக்குகிறவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் வந்த கணக்கில், கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் ஏற ஏறப் பலன் இருக்கிறது, அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உங்களுக்கு அது 100 கிராம். மூன்று மாதமாக உடம்பு நிற்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடைவெளியைத்தான். நம் பக்கத்துத் தட்டின் சங்கதி இது. சோறு கோபுரமாக இருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, ஈரம் மெழுகு பதத்தில் நிற்கையில், நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் வீசிவிடுகிறோம். அறுவடை ஆள் மிதித்துப் போனாலும் தாளுக்கு நடுவில் இரண்டிலையாக முளைத்து நிற்கும். பூக்கும்போது தெளிக்க டி.ஏ.பி. வாங்க உங்கள் கடைக்குத்தான் வந்து நிற்பார்கள். அந்த ஒன்பதில் ஒன்றான லைசின் அரிசியில் குறைச்சல், உளுந்தில் ஏராளம். இன்னொன்றான மெத்தியோனின் உளுந்தில் குறைச்சல், அது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்பதும் ஒழுங்காக வந்துவிடும். ஒரே வயலில் தையிலும் பங்குனியிலும் முழுப் புரதத்தை எடுத்துவிட்டு, உளுந்தை மூட்டை கட்டி விற்ற காசில் நாம் அமினோ டப்பா வாங்குகிறோம். இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று போடுகிற உளுந்து போதாதா என்றால், உங்கள் கணக்குக்குப் போதாது. உளுத்தங்களியும் சுண்டலும் விசேஷங்களுக்கு மட்டும் இல்லாமல் வாரத்துக்கு நாலு நாள் வரவேண்டும்.

அம்மாவிடம் இதைக் காட்டுங்கள்: இருக்கிற சாப்பாட்டோடு தினம் மூன்று முட்டை, அரை லிட்டர் பால், ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை ஒரு பெரிய கைப்பிடி, ஒரு பிடி வேர்க்கடலை, மதியம் சோற்றை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் கெட்டிப் பருப்பு. கூடுதலாக 55, 60 கிராம் வந்துவிடும். புரட்டாசியில் முட்டையும் மீனும் போய்விடும், அந்த மாதம் பாலையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். கிட்னி பற்றி அம்மாவுக்குப் பயம் வேண்டாம். நல்ல சிறுநீரகத்துக்கு இந்த அளவு ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள்தான் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இவ்வளவும் சாப்பிட முடியாத நாளில் ஒரு ஸ்கூப் வே குடித்தால் தப்பில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடரே வேண்டாம் என்கிறது. நான் அவ்வளவு கறார் இல்லை, ஆனால் டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் மாட்டேன். புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவதுதான் வழக்கமான சோதனை. உரக்கடைக்காரருக்கு யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சோதனைக்கு நூறு கிராம் யூரியாவைக் கொடுத்தால் அதில் 287 கிராம் புரதம் இருப்பதாக விடை வரும்! கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோக்களை வே டப்பாவில் கலந்து புரத அளவைக் கூட்டிக் காட்டுகிற தில்லுமுல்லு இந்த ஓட்டை வழியாகத்தான் நடக்கிறது. பின்னால் பொடி எழுத்தில் உள்ள பொருட்பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாகத் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

மற்ற அமினோக்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளுட்டமினை உடம்பே தேவைக்குச் செய்துகொள்கிறது, அதைக் குடித்து என் தொடை ஏறவில்லை, நடந்தும் சாப்பிட்டும்தான் ஏறியது. ஒன்பதும் சேர்ந்து வரும் இ.ஏ.ஏ. பி.சி.ஏ.ஏ.வைவிட நியாயமானது, பசியே எடுக்காத வயதானவர்களுக்கு உதவலாம், 23 வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை. காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் கிரியாட்டின், தினம் 3லிருந்து 5 கிராம். மூன்று அமினோக்களிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் பொருள்தான் அது. இந்த அலமாரியில் பலன் உறுதியாக நிரூபணமானது என்றால் அதைத்தான் சொல்வேன்.

டப்பா பிரிக்காமல் இருப்பதால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று அம்மா மேல் பழியைப் போட்டுவிடுங்கள், மாஸ்டரோடு சண்டை வேண்டாம். நாளைக்கு பெஞ்ச் பிரஸ்ஸில் கை நடுங்கும்போது தலைமாட்டில் நின்று கம்பியைப் பிடிக்கப்போகிறவர் அவர்தான்.