இமயமலை ட்ரெக்கிங்குக்கு 50 லிட்டர் பையா, 60 லிட்டர் பையா? எந்த பிராண்ட் வாங்கினால் தோள் வலிக்காது?

லிட்டர் அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் முதுகு எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியுமா?

டிசம்பரில் முதல் தடவை போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் யாரிடமாவது இரவல் வாங்கினால் என்ன என்றும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கும். எனக்கும் ஓடியது. அத்தானின் 65 லிட்டர் பையை வாங்கிக்கொண்டு உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தா மலைக்குப் போனேன். நல்ல பை, விலை கூடிய பை. ஆனால் அவர் ஆறடி, நான் ஐந்தடி ஒரு அங்குலம்.

சாங்க்ரி கிராமத்திலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்தில் இரண்டு தோளும் எரிய ஆரம்பித்தன. அப்புறம் வலது கை விரல்கள் மரத்துப் போயின. கையுறையைக் கழற்றி விரலைக் கிள்ளிப் பார்த்தேன், உணர்ச்சியே இல்லை. குளிர் என்று நினைத்தேன். குளிர் இல்லை, தோள் வார் அழுத்தினால் கைக்குப் போகும் நரம்பு இப்படித்தான் மரக்கும். ஜூடா கா தாலாப் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அழுகை வந்துவிட்டது. 12,500 அடி உச்சி இன்னும் மேலே இருக்கிறது, நான் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்களுடன் வந்த உள்ளூர் வழிகாட்டிப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "பையைக் கொடுங்கள் தீதி (அக்கா)" என்று வாங்கி, முதுகுப் பக்க மெத்தைக்குள் கையை நுழைத்து இழுத்தான். டர்ரென்று வெல்க்ரோ பிரிந்தது. தோள் வார்கள் மொத்தமாகக் கழன்று வந்தன. அவற்றை நான்கு விரல்கடை கீழே இறக்கி ஒட்டினான். நாலு வருடம் அந்தப் பையைத் தூக்கிய அத்தானுக்கே அது அப்படி நகரும் என்று தெரியாது!

பிறகு எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டச் சொன்னான். முதலில் இடுப்பு பெல்ட். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், பெல்ட் மெத்தையின் நடுப்பகுதி அதன்மேல் உட்கார வேண்டும். தொப்புளுக்கு மேலே போனால் வயிற்றை அழுத்தும், கீழே இறங்கினால் தொடை தூக்க முடியாது. பெல்ட்டை இறுக்கிய பிறகுதான் தோள் வார். அது தோளை அணைத்தபடி இருந்தால் போதும், தொங்கக் கூடாது. அப்புறம் தோளுக்கு மேலே பையோடு சேரும் சின்ன வார்களை இழுத்தால் பை பின்னால் சாயாமல் முதுகோடு ஒட்டும். நெஞ்சு வார் கடைசியில், மூச்சு முட்டாத அளவுக்கு. அந்த நிமிஷமே சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியதை உணர்ந்தேன். மறுநாள் அதே 11 கிலோவோடு ஏறினேன்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், பெண்களுக்காகச் சொல்கிறேன். பாண்ட் நாடாவின் முடிச்சு பெல்ட்டுக்கு அடியில் மாட்டினால் இரண்டு நாளில் தோல் உரிந்துவிடும். முடிச்சில்லாத எலாஸ்டிக் பாண்ட் போடுங்கள்.

அளவெடுப்பது சுலபம். தலையைக் குனியுங்கள், பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். இடுப்பெலும்பின் மேல் இரு கைகளையும் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டுங்கள். அந்த எலும்பிலிருந்து கட்டைவிரல்களுக்கு நடுவே வரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். எனக்கு 41 செ.மீ. உங்கள் அளவுக்குப் பொருந்தும் பையை, அல்லது முதுகு நீளம் மாற்றக்கூடிய பையை மட்டும் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் டேக்கைக் கிழிக்காமல் ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டை உள்ளே வைத்து, வீட்டு மாடிப்படியில் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். உறுத்தினால் திருப்பி அனுப்புங்கள். அடுக்கும்போது தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) அடியில், கனமானவை முதுகை ஒட்டி நடுவில். நான் எவர்சில்வர் டப்பா நிறைய இட்லிப் பொடியை வெளிப்பாக்கெட்டில் வைத்திருந்தேன். பை பின்னால் இழுத்ததற்கு அதுவும் காரணம்.

"மலை ஜனங்கள் நெற்றியில் வார்ப்பட்டையை மாட்டி மூட்டை சுமக்கிறார்கள், உங்களுக்கு பெல்ட்டா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவர்கள் சிறு வயதிலிருந்தே சுமந்து பழகியவர்கள். வருடத்தில் ஐந்து நாள் மலைக்குப் போகிறவர்களை அவர்களோடு ஒப்பிடுவது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊர் திரும்பியதும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளிப் பையை எடை போட்டேன். 7 கிலோ. அவள் எடை 34. குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "எல்லாப் பிள்ளைகளும் தூக்கத்தானே செய்கிறார்கள்" என்றார்கள். இடுப்பு பெல்ட் கிடையாது, பை தொடை வரை தொங்குகிறது, பிள்ளை கழுத்தை முன்னால் நீட்டி நடக்கிறாள். அவள் தோள் வார்களை நானே சுருக்கித் தைத்து, பையை மேலே ஏற்றிவிட்டேன். புத்தகங்கள் மட்டும் இன்னும் குறைந்தபாடில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூடாரமும் தூக்கப்பையும் ட்ரெக்கிங் ஏற்பாடு செய்பவர்களே கொடுத்தால் 50 லிட்டர் தாராளம். முதுகை அளந்துவிட்டு அளவைக் கீழே எழுதுங்கள், எந்த சைஸ் என்று சேர்ந்து பார்க்கலாம்.