கோப்பை உண்டு, இறுதிப் போட்டி இல்லை

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்துதான் ஓடுகிறது. நானும் கூட உட்கார்ந்து பார்க்கப் பழகிவிட்டேன். ஆனால் மே மாதத்தில், இறுதிப் போட்டி எதுவும் நடக்காமலேயே ஓர் அணியிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். பட்டியலின் அடியில் கிடந்த ஓர் அணியின் ரசிகர்களோ மைதானத்திலேயே அழுதார்கள். இது என்ன கணக்கு?
– வாசகர், கீழக்கரை

பதில்: கோடை விடுமுறையில் நம் பக்கத்தில் நடக்கும் நாக்-அவுட் பந்தயங்களையும் ஐ.பி.எல். கிரிக்கெட்டையும் பார்த்துப் பழகிய யாருக்கும் முதலில் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். இங்கிலாந்து பிரீமியர் லீகில் 20 அணிகள் உண்டு. ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடும் தன் மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் ஆட வேண்டும் என்பதால், ஆகஸ்ட் முதல் மே வரை ஆளுக்கு 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. 1981 வரை அங்கே வெற்றிக்கு 2 புள்ளிதான் கொடுத்தார்கள். சமன் செய்தால் போதும் என்று அணிகள் தடுத்தே ஆடுவதைக் குறைக்கத்தான் அதை 3 ஆக்கினார்கள். எல்லோரும் எல்லோரோடும் இரு இடங்களிலும் மோதி முடித்த பிறகு யார் சிறந்தவர் என்று காட்ட இன்னோர் ஆட்டம் தேவையில்லை, புள்ளிப்பட்டியலே தீர்ப்பு.

அழுகைக்குக் காரணம் பட்டியலின் அடியில் இருக்கிறது. கடைசி 3 இடங்களைப் பிடிக்கும் அணிகள் அடுத்த ஆண்டு சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். அங்கே முதல் 2 இடங்களில் முடிக்கும் அணிகள் நேராக மேலே வரும்; 3 முதல் 6 வரையிலான இடங்களில் உள்ள அணிகள் தங்களுக்குள் மோதி, அவற்றில் ஒன்று வரும். கீழே போனால் தொலைக்காட்சி வருமானம் பெருமளவு சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். 2016-இல் பட்டம் வென்ற லெஸ்டர் சிட்டியே 2023-இல் இறக்கப்பட்டது என்றால் இதில் யாருக்கும் சலுகை இல்லை என்பது விளங்கும். என்னைக் கேட்டால், லீகின் உண்மையான பரபரப்பு மேலே இருப்பதைவிடக் கீழேதான் அதிகம்.

இரண்டையும் ஒரே ஆட்டத்தில் காட்டிய நாள் 2012 மே 13. மான்செஸ்டர் சிட்டி, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 90 நிமிடம் முடிந்தபோதும் 1–2 எனப் பின்தங்கியிருந்தது. வேறொரு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 1–0 என வென்று பட்டத்துக்குக் காத்திருந்தது. கூடுதல் நேரத்தில் ஜெக்கோ ஒரு கோலும் அகுவேரோ ஒரு கோலும் அடிக்க, சிட்டி வென்றது. இரு மான்செஸ்டர் அணிகளுக்கும் 89 புள்ளிகள். அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் சிட்டிக்கு 64, யுனைடெட்டுக்கு 56. அந்த 8 கோல் வித்தியாசத்தில்தான் பட்டம் கைமாறியது. தோற்ற ரேஞ்சர்ஸுக்கும் அன்று நிம்மதிதான்: பின்னால் இருந்த போல்ட்டன் தன் ஆட்டத்தைச் சமனில் முடித்ததால், ஒரே ஒரு புள்ளியில் அவர்கள் தப்பினார்கள். ஆகவே அடுத்த முறை மகனோடு உட்காரும்போது புள்ளிப்பட்டியலைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அடியிலிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: சனிக்கிழமை லீகில் ஆடிய அதே அணி, செவ்வாய் நள்ளிரவில் ஒரு ஜெர்மானிய அணியோடு ஆடுகிறது. அதில் தோற்றால் லீக் புள்ளி குறையுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: குறையாது, அது தனிக் கணக்கு. ஓர் இங்கிலாந்து அணி ஒரே பருவத்தில் லீக், 1871-இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை ஆகியவற்றில் ஆடுவதோடு, முந்தைய ஆண்டு பட்டியலில் முன்னணியில் முடித்திருந்தால் பல நாட்டு அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகிலும் ஆடும். நீங்கள் பார்த்தது இந்தக் கடைசி வகையாக இருக்க வேண்டும். 2024 முதல் அதில் 36 அணிகள் ஒரே பட்டியலில் தலா 8 ஆட்டங்கள் ஆடுகின்றன. முதல் 8 அணிகள் நேரே அடுத்த சுற்றுக்கும், 9 முதல் 24 வரை உள்ளவை ஒரு தகுதிச் சுற்றுக்கும் போகும். அதற்குப் பிறகு எல்லாம் நாக்-அவுட்தான், இறுதிப் போட்டியும் உண்டு. அதன் பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவு 12.30 அல்லது 1.30 மணிக்குத் தொடங்குவதால், விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை இரவு லீக் ஆட்டங்களே உகந்தவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கும் விசைப்படகுக்காரர்களுக்குக் கவலையில்லை. லீகின் முடிவுக் கட்டமும் அப்போதுதான் வருகிறது.

கேள்வி: அப்படியானால் நம் நாட்டுக் கால்பந்து லீகான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் மட்டும் ஏன் இறுதி ஆட்டம் வைத்தார்கள்?
– கல்லூரி மாணவர், இராமநாதபுரம்

பதில்: 2014-இல் 8 அணிகளோடு தொடங்கியபோதே, லீக் சுற்றுக்குப் பின் அரையிறுதி, இறுதி என்று அமைத்துவிட்டார்கள். இதனால் சென்னைக்கு லாபமே. 2017–18-இல் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னையின் எஃப்.சி. 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். பெங்களூருவிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை 3–2 என வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து முறையாக இருந்திருந்தால் அது பெங்களூருவுக்கே போயிருக்கும். பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்குத் தனியாக ஒரு கேடயம் தருவது பின்னர் வந்தது. கீழ்ப் பிரிவான ஐ-லீகை வென்று மேலே வந்த முதல் அணி, 2023-இல் பஞ்சாப் எஃப்.சி.

கேள்வி: பெண்களுக்கும் இப்படி லீக் இருக்கிறதா?
– வாசகி, பெரியபட்டினம்

பதில்: இருக்கிறது. இந்திய மகளிர் லீகை 2018–19-இல் வென்றது, மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என வீழ்த்தியது.