கேள்வி – பதில்: பலாலி அவ்ரோவும் ரியூடரும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானத்தைச் செய்த அவ்ரோ கம்பனி, அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்கிறார் எங்கள் ஊர் மாஸ்ரர் ஒருவர். முந்திப் பலாலிக்கு வந்துபோன அவ்ரோவும் அந்தக் கம்பனியின் பிளேன்தானே?
— வாசகர், சுன்னாகம்

பதில்: அதே கம்பனிதான். மாஸ்ரர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியின் பெயர் ரியூடர் என்ற பயணிகள் விமானம்.

லங்காஸ்ரரின் வழியில் வந்த லிங்கன் குண்டுவீச்சு விமானத்தின் சிறகில், உள்ளே காற்றழுத்தம் பேணும் புது உடலைப் பொருத்திச் செய்தது அது. முதற் பறப்பு 1945 ஜூன். பழைய சிறகுதான் குற்றவாளி என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படியென்றால் லங்காஸ்ரரின் சிறகோடு வந்த யோர்க் என்ற போக்குவரத்து விமானமும் தோற்றிருக்க வேண்டுமே! அது நன்றாகவே உழைத்தது. யோர்க்கின் பெரிய உடலுக்கு வால் போதாமல், நடுவில் மூன்றாவது செங்குத்துத் துடுப்பு வைத்துச் சமாளித்தார்கள். ரியூடருக்கும் வால் போதாமல் பெருப்பிக்க வேண்டிவந்தது. அதற்குள் பிரித்தானிய விமான சேவையான பி.ஓ.ஏ.சி. நூற்றுக்கணக்கான மாற்றங்களைக் கேட்டு, 1947இல் பிளேனே வேண்டாம் என்றுவிட்டது.

அந்த வருடம் ஓகஸ்ட் 23, இங்கிலாந்தின் வூட்ஃபோட்டில் ஒரு ரியூடர் எழும்பிய கையோடு விழுந்தது. லங்காஸ்ரரை வடிவமைத்த ரோய் சாட்விக் அதில் இறந்தார். சிறகுத் துடுப்புகளின் கேபிள்களை மாறிப் பூட்டியிருந்தார்கள். ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பினால் வலச் சிறகின் துடுப்பு எழும்ப வேண்டும், இடது பதிய வேண்டும். ஸ்ரியறிங் தடையில்லாமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் இந்தப் பிழை பிடிபடாது; துடுப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு 1948, 1949இல் இரண்டு ரியூடர்கள் அத்திலாந்திக்கில் காணாமற்போயின. பேர் கெட்டது கெட்டதுதான்.

ஆனால் அதே லங்காஸ்ரர் வழியில் வந்த ஷக்கிள்ரன் என்ற கடல் ரோந்து விமானம் 1991 வரை பிரித்தானிய விமானப்படையில் இருந்தது.

எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஓட்டியது அவ்ரோ 748. 1960இல் முதலிற் பறந்தது. குறுகிய ஓடுபாதைக்கென்றே செய்தது. வெக்கையில் காற்று ஐதாகி இயந்திரத்தின் வலு குறையும். எழும்பும்போது அதன் டாட் இயந்திரத்துக்குள் தண்ணீரும் மெதனோலும் கலந்து விசிறி அதை ஈடுகட்டுவார்கள். அது வேலை செய்யாவிட்டால் பாரத்தைக் குறைக்க வேண்டியதுதான். இந்தியாவில் கான்பூரிலும் செய்தார்கள். மொத்தம் 380 அளவில் வெளிவந்தன. 1995 ஏப்ரலில் பலாலிப் பக்கம் விழுந்த இரண்டும் ஏவுகணை பட்டவை, அதை வடிவமைப்பின் தலையில் கட்ட முடியாது.

748ஐ நீட்டிச் செய்த ஏ.ரி.பி. விற்பனையில் படுத்துவிட்டது. அது 1986, அப்போது அவ்ரோ கம்பனியே இல்லை. மாஸ்ரர் அதையும் கணக்கில் சேர்த்திருந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.