இடுப்பு எலும்பு முறிவு: 74 வயதில் அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா?

கேள்வி: குளியலறையில் வழுக்கி விழுந்த என் தாயாருக்கு (வயது 74) இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகிவிட்டது. மூட்டின் பந்தை மாற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். இந்த வயதில் தாங்காது, கட்டுப் போட்டால் போதும் என்கிறார்கள் உறவினர்கள். குறைந்த செலவில் வெளிநாட்டு மூட்டு வைக்க ஏற்பாடு செய்வதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பந்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் எலும்பின் கழுத்தை ஒட்டியே ஓடுவதால், கழுத்து முறிந்து விலகும்போது அவையும் பெரும்பாலும் அறுந்துவிடுகின்றன. இரத்தம் போகாத எலும்பு வெளியே எத்தனை கட்டுப் போட்டாலும் ஒன்றுசேராது. படுத்தே கிடக்கும் முதியவருக்கு நெஞ்சில் சளி கட்டும், சிறுநீரில் தொற்று வரும், முதுகில் புண் வரும், கால் இரத்தக் குழாயில் உறைகட்டி உருவாகும். உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இவையே.

கட்டுப் போட்டு நடந்தவரை நேரில் பார்த்ததாக உங்கள் உறவினர்கள் சொல்லக்கூடும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சிலருக்கு முறிந்த இரு முனைகளும் ஒன்றுக்குள் ஒன்று குத்தி இறுகிவிடும். வலி குறைவாக இருக்கும், நொண்டியபடியே சில நாள் நடமாடவும் செய்வார்கள். அது தானாகவே கூடிவிட்டால் பெயர் கட்டுக்குப் போகிறது. ஒரு நாள் திடீரென்று விலகிவிட்டாலோ பழி வயதின்மேல் விழுகிறது. அத்தகைய முறிவையும் விலகாமலிருக்க நாங்கள் திருகாணி போட்டு நிறுத்துவதே வழக்கம். உங்கள் தாயாருடையது ஏற்கெனவே விலகிவிட்டதால், இந்த விதிவிலக்கு அவருக்குப் பொருந்தாது.

விழுந்த 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் 36 மணி நேரத்துக்குள், அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. நடைமுறையிலோ எக்கோ எடுக்க ஒரு நாள், இதய மருத்துவரின் கையெழுத்துக்கு ஒரு நாள், காப்பீட்டு ஒப்புதலுக்கு ஒரு நாள், இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நோயாளி படுக்கையிலேயே வாடுகிறார். இவற்றை ஒரே நாளில் முடிக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். கேட்காதவருக்கு இங்கே எதுவும் நகர்வதில்லை.

அந்தத் 'தெரிந்தவர்' பெரும்பாலும் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவராகவே இருப்பார். முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017இல் விலை உச்சவரம்பு விதித்தபோது இடுப்பு மூட்டு அதில் சேரவில்லை. இவர்கள் புகுந்து விளையாடுவது அந்த இடைவெளியில்தான். 'வெளிநாட்டு மூட்டு' என்பதும் தரத்துக்குச் சான்று ஆகாது. அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டீப்யூ நிறுவனம், பலருக்குப் பழுதானதால் தன் ஏஎஸ்ஆர் வகை இடுப்பு மூட்டுகளை 2010இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆகவே மூட்டுப் பெட்டியில் வரும், தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரின் நகலை டிஸ்சார்ஜ் சம்மரியோடு கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ள முடியுமா என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரையே நேரில் கேளுங்கள். இடையில் எவரும் வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். 'பாவம், ஓய்வெடுக்கட்டும்' என்று தடுக்காதீர்கள். தரையில் அமர்வது, கால்மேல் கால் போடுவது, தாழ்வான நாற்காலி ஆகியவை கூடாது; முழங்கால் இடுப்புக்கு மேல் உயர்ந்தால் பந்து நழுவக்கூடும். வீடு திரும்புமுன் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கைப்பிடியும் தயாராக இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைச் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நின்ற இடத்தில் விழுந்தே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. அதற்கான மருந்தைப் பல டிஸ்சார்ஜ் சீட்டுகளில் எழுதுவதே இல்லை. தையல் பிரிக்கப் போகும் நாளில் நீங்களே கேளுங்கள்.