சங்கடஹர சதுர்த்தி விரதமும் அம்மாவோட சுகர் மாத்திரையும்

கேள்வி: எங்க அம்மாவுக்கு 61 வயசு, 12 வருஷமா சுகர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடறாங்க, பிபி மாத்திரையும் உண்டு. மாசாமாசம் சங்கடஹர சதுர்த்தி, ஏகாதசி ரெண்டும் விடாம இருப்பாங்க. போன சதுர்த்தி அன்னிக்கு சாயங்காலம் விளக்கேத்தும்போது கை நடுங்கி உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு, செக் பண்ணா 58. சந்திரனைப் பாக்காம வாய்ல எதுவும் வைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம், அப்பா சத்தம் போட்டப்புறம்தான் சர்க்கரைத் தண்ணி குடிச்சாங்க. விரதத்தை விடச் சொல்லணுமா, இல்ல அன்னிக்கு மட்டும் மாத்திரையை நிறுத்தினா போதுமா?

பதில்: அப்பா சத்தம் போட்டது ரொம்ப நல்லது. அம்மாவுக்கு வந்தது வெறும் பசி மயக்கம்னு நெனச்சுடாதீங்க, 70க்கு கீழ போனாலே லோ சுகர், 58ங்கிறது இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா பேச்சு குழறி நினைவு தப்பற அளவுக்குப் போயிருக்கும். காரணம் அந்த மாத்திரைல இருக்கற கிளிமிபிரைடு. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வச்சுட்டே இருக்கும், காலைல போட்டா சாயங்காலத்தைத் தாண்டியும், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு இந்த மாதிரி சுகர் எறங்கறது அபூர்வம்.

விரதம்னு யார் சொன்னாலும் நான் முதல்ல கேக்கறது, கடைசியா எத்தன மணிக்கு சாப்பிடுவீங்க, மறுபடி எத்தன மணிக்கு சாப்பிடுவீங்கன்னுதான். ஏன்னா விரதம் திதியை வச்சு வருது. சந்திரன் சூரியன்கிட்டேருந்து 12 டிகிரி விலகற நேரம் ஒரு திதி, சந்திரனோட வேகம் ஒரே மாதிரி இருக்காது, அதனால ஒரு திதி சுமார் 19 மணி நேரத்துலயும் முடியலாம் 26 மணி நேரம் வரைக்கும் இழுக்கலாம். மாத்திரையோ தினம் ஒரே நேரத்துக்கு சாப்பாட்டை நம்பி எழுதிக் குடுத்தது. சதுர்த்தில சந்திரன் உதிக்கறது பெரும்பாலும் ராத்திரி எட்டுலேருந்து பத்துக்குள்ள, அப்ப முந்தின நாள் ராத்திரி எட்டரைக்கு சாப்பிட்டவங்களுக்கு கிட்டத்தட்ட 24 மணி நேரம் வயிறு காலி. ஐப்பசி கார்த்திகைல மேகம் மூடி சந்திரன் தெரியலன்னு இன்னும் காத்துட்டு இருக்கறவங்களையும் பாத்திருக்கேன், பஞ்சாங்கத்துல சந்திரோதய நேரம் போட்டிருக்கு, அதை வச்சு கும்பிட்டு முடிச்சா போதும்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

ஏகாதசிதான் எனக்கு ரொம்பவே கவலை. முறையா இருக்கறவங்க தசமி அன்னிக்கு மதியத்தோட சாப்பாட்டை நிறுத்திடுவாங்க, துவாதசி காலைல அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வச்சு பாரணை, அதாவது விரதம் முடிக்கற சாப்பாடு, பண்ணித்தான் முடிப்பாங்க, மதியம் ஒரு மணிலேருந்து கணக்கு போட்டா 42 மணி நேரம் ஆகுது. சில மாசம் கேலண்டர்ல ஸ்மார்த்தருக்கு ஒரு நாள் வைஷ்ணவருக்கு மறுநாள்னு ரெண்டு தேதி இருக்கும், எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு நாளும் பட்டினி கிடக்கறவங்க உண்டு, அது கூடவே கூடாது. அம்மா கிளிமிபிரைடு போடற வரைக்கும் முழுப் பட்டினி ஏகாதசி வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், அரிசி தவிர்த்து பாலும் பழமும் வேளாவேளைக்கு எடுத்துக்கற ஏகாதசின்னா பேசி முடிவு பண்ணலாம். கந்த சஷ்டி ஆறு நாள் பத்தி நினைக்கவே வேண்டாம். பிரதோஷம் சாயங்காலத்தோட முடியறதால இது எல்லாத்தையும் விட சுலபம், அதுக்கும் மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் இருக்கணும்.

மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க, பாதியா உடைக்கவும் செய்யாதீங்க. அட்டையோட பின்பக்கம் பாருங்க, மெட்ஃபார்மின் பக்கத்துல எஸ்ஆர் இல்ல பிஆர்னு போட்டிருந்தா அது மெல்ல மெல்ல கரையற மாத்திரை, உடைச்சா மருந்து மொத்தமும் ஒரேயடியா உடம்புல இறங்கிடும். ரெண்டு மருந்தும் ஒரே மாத்திரைல இருக்கறதால கிளிமிபிரைடை மட்டும் விடவும் வழி இல்ல. அதனால விரத நாளுக்குன்னு தனி மெட்ஃபார்மின் எழுதித் தரச் சொல்லி அம்மாவோட டாக்டர்கிட்ட கேளுங்க. பொதுவா விரதத்தன்னிக்கு காலைல கிளிமிபிரைடை நிறுத்திடுவோம் இல்ல குறைப்போம், ராத்திரி டோஸ் எவ்வளவுன்னு அவங்க ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் சொல்ல முடியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு சர்க்கரையை சிறுநீர்ல வெளியேத்தற மருந்து எதாவது சேர்ந்திருந்தா மறக்காம சொல்லுங்க, பட்டினியோட அது சேர்ந்தா உடம்பு வறண்டு போகும், ரத்தத்துல அமிலம் ஏறவும் வாய்ப்பிருக்கு. பஞ்சாங்கத்துல வருஷத்துக்கும் தேதி இருக்கே, ஒரு தடவை போகும்போது மொத்தத்துக்கும் பேசிட்டு வந்துடலாம்.

விரதத்தன்னிக்கு தண்ணி கண்டிப்பா குடிக்கணும். காலைல 11, மதியம் 3, சாயங்காலம் 6, சாப்பிடறதுக்கு முன்னாடி, இப்படி விரல்ல குத்திப் பாருங்க, ரத்தம் எடுத்தா விரதம் கெடாது. 70க்கு கீழ போனாலோ 300க்கு மேல ஏறினாலோ விரதம் அங்கேயே முடிஞ்சுது. நம்பர் 80ன்னு இருந்து இன்னும் 3 மணி நேரம் பாக்கின்னா காத்திருக்காதீங்க, அதுவும் எறங்கிட்டேதான் இருக்கும். லோ ஆனா 3 டீஸ்பூன் சர்க்கரை இல்ல குளுக்கோஸ் தண்ணில கலந்து உடனே குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறினதும் சாப்பாடு குடுத்துடணும், கிளிமிபிரைடு உள்ள இருக்கற வரைக்கும் திரும்பவும் எறங்கும். நினைவு இல்லன்னா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும், 108க்கு கூப்பிடுங்க.

ராத்திரி விரதம் முடிக்கும்போது பூரணக் கொழுக்கட்டையும் பாயசமும் பசி வேகத்துல உள்ள போகும், அப்புறம் காலைல 280ன்னு நிக்கும். முதல்ல கொஞ்சம் சுண்டல், பிரசாதமா ஒரே ஒரு கொழுக்கட்டை, அப்புறம் வழக்கமா சாப்பிடற அளவு டிபன். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, விரதத்துக்கு ஏத்ததுன்னு தட்டு நிறைய வைக்காதீங்க.

விரதத்தை அடியோட விடச் சொன்னா அம்மா மனசு உடைஞ்சு போவாங்க, இல்ல உங்களுக்குத் தெரியாம இருப்பாங்க, அது இன்னும் ஆபத்து. மகாபாரதம் உத்தியோக பர்வத்துலயே விரதத்தைக் கெடுக்காத எட்டு விஷயம்னு ஒரு சுலோகம் வருது, அதுல தண்ணி, கிழங்கு, பழம், பாலோட குருவோட வார்த்தையும், மருந்தும் இருக்கு. இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க, லோ சுகருக்குக் குடிக்கற அந்த சர்க்கரைத் தண்ணி மருந்துதான்னு எடுத்துச் சொல்லுங்க.

அடுத்த விரதத்துக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியேட்டினினும், மூணு மாச சராசரி சுகரைக் காட்டற எச்பிஏ1சியும் பாத்துடுங்க. கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தா கிளிமிபிரைடு உடம்புல இன்னும் அதிக நேரம் தங்கும், அப்ப விரதம் இல்லாத நாள்லயும் அந்த மாத்திரையை மாத்த வேண்டி வரலாம். பிபி மாத்திரை அட்டையையும் கூட எடுத்துட்டுப் போங்க.