தீவுக்குப் போகிறேன் என்கிறாள் மகள்

மட்டக்களப்பு மண்டூரிலிருந்து பாதைப் படகில் வாவியைக் கடந்து வந்து, "டொக்டராவாள் என்றுதானே உயிரியல் படிக்கவிட்டோம், இப்போது யாருமில்லாத தீவில் செடி தேடப் போகிறேன் என்கிறாளே" என்று கண்கலங்கிய அம்மாவுக்கு எழுதுகிறேன்.

மகள் சொல்வது விளையாட்டுப் பேச்சல்ல. மொரீசியசுக்குக் கிழக்கே ரொட்ரிக்ஸ் என்றொரு தீவு. அங்கே கோப்பிக் குடும்பத்துச் செடி ஒன்று அழிந்துபோனதாகவே எண்ணியிருந்தார்கள். 1980இல் ஆசிரியர் காட்டிய படத்தைப் பார்த்த மாணவன் ஒருவன், அதன் கிளையைக் கொண்டுவந்து நீட்டினான். (எனக்கென்னவோ மாணவனைவிட அந்த ஆசிரியர் மீதுதான் மதிப்பு.) மிஞ்சியிருந்தது ஒரே மரம். மருந்துக்கென்று ஊரார் ஒடிக்கத் தொடங்கவே வேலி அடைத்தார்கள். 1986இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குத் தண்டுகள் போயின. வேர் பிடித்தது, பூத்தது, காய்க்கவில்லை. விதை கிடைக்க 2003 ஆயிற்று. ஒரு செடியோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டும் பொறுமை மகளுக்கு உண்டா? வீட்டில் அவளோடு இருப்பவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்.

படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளி இடங்கொடுத்தால் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இருக்கிறது. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தையே குறிவைக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கு நம் வாவிக்கரையில் உவர்நீரில் வளரும் கண்டல் மரங்களே போதும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பட்டுப்போனது. எந்த இனம், எவ்வளவு உவர், எத்தனை நேரம் நீரில் நிற்கும் என்று பாராமல் நட்டால் வேறென்ன நடக்கும்? இதை இங்கே சேற்றில் நின்று கற்றவளுக்குத் தீவுக்கரை அந்நியமாக இராது.

சம்பளம் பற்றி மறைக்க மாட்டேன். அரச திணைக்களங்களில் இடம் குறைவு, போட்டிப் பரீட்சையும் உண்டு. திட்ட வேலைகள் ஓரிரு வருடத்தில் முடிந்துவிடும். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் என்றால் உதவித்தொகையோடு கிடைத்தால் மட்டும் போகட்டும்; அதற்காகக் காணியை விற்காதீர்கள். கை கொடுக்க விஞ்ஞான ஆசிரியர் வேலை இருக்கிறது.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். ஆங்கிலம் எப்படி என்று நானே பேசிப் பார்க்கிறேன். நீந்தத் தெரியுமா என்று மட்டும் கேட்டு வையுங்கள். வாவிக்கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாத பிள்ளைகள் நம்மிடம் ஏராளம்.