இரவு பதினொரு மணி வைத்தியர்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இரவு டி.வி.யில் வரும் வைத்தியர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, 'எனக்கும் சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி, மருந்து வாங்கிக் கொடுங்கள்' என்று அப்பாவிடம் அழுகிறான். வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். சொப்பன ஸ்கலிதம், அதாவது உறக்கத்தில் விந்து வெளியேறுவது, இந்த வயதில் இயல்பு. ஒரு முறைக்கு 2 முதல் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான், பெரும்பங்கு நீர். விந்தணுக்கள் அன்றாடம் கோடிக்கணக்கில் உருவாகின்றன. 'நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து' என்ற கணக்கு உடலியலில் கிடையாது.

ஆனால், பையனின் களைப்பைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். பயத்தில் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் சோர்வு, மறதி, படிப்பில் கவனமின்மை எல்லாம் வரும். வைத்தியர் அடுக்கிய அறிகுறிகளும் அவையே என்பதால், பயம் இரட்டிப்பாகிறது. மனநல மருத்துவத்தில் இதற்குத் 'தாது சின்ட்ரோம்' என்று பெயர் (தாது என்பது இங்கே விந்து). 1960-ல் டாக்டர் என்.என்.விக் சூட்டியது.

அப்பாவே ஒருநாள் மகனோடு உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்க்கட்டும். முதுகுவலி, மறதி, சோர்வு என யாருக்கும் இருக்கக்கூடியதைச் சொல்கிறார்களா, கீழே எத்தனை போன் நம்பர் ஓடுகிறது, எந்த ஊர் லாட்ஜில் என்றைக்கு முகாம் என்று இருவரும் குறித்துக்கொள்ளட்டும். ஆண்மையைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 'ஆலோசனை நிகழ்ச்சி' என்ற வேடம் எதற்கென்று பையனுக்கே புரிந்துவிடும். அப்படியும் பயம் தெளியாவிட்டால், அரசு மருத்துவமனைகளில் 10 முதல் 19 வயதினருக்கென உள்ள வளரிளம் பருவ ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போங்கள்.

அந்த வைத்தியர்கள் பேசாத ஒன்றை அவனிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் கூச்சப்பட்டு மறைக்கக் கூடாது. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அதை இழக்க நேரிடும். நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

கேள்வி: நாப்கின் விளம்பரத்தில் நீல நிறத்தைப் பார்த்துப் பழகிய என் மகள், முதல் மாதவிடாயில் பழுப்பு நிறத்தைக் கண்டு மிரண்டுவிட்டாள்.
– வாசகி, மதுரை

பதில்: பழுப்பு என்பது வெளியேறத் தாமதமான ரத்தம், பயமில்லை. முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பு. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டும், விளம்பரம் என்ன சொன்னாலும். ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே முழுதும் நனைந்தாலோ, 7 நாளைத் தாண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.